பாஸ்தா வெந்த நீரைக் கொட்டிவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கோடைகாலக் கிறீம் பாஸ்தா செய்முறையை விருப்பத்தோடு வாசித்தேன். எனினும், பாஸ்தா வெந்த நீரை முழுவதுமாக வடித்துக் கொட்டிவிடும்படி அதில் கூறியிருப்பதை ஏற்க இயலவில்லை. கஞ்சியின் அருமை அறிந்த நம்மவர்க்கு இதை விளக்குவது எளிது: அந்நீரில் கரைந்துள்ள மாப்பொருளே கிறீமின் கொழுப்பைத் திரியாமல் பிணைத்து, குழம்பைப் பாஸ்தாவோடு ஒட்டச்செய்கிறது. இத்தாலியர் 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லீற்றர் நீரும் 10 கிராம் உப்பும் சேர்ப்பர். ஓரளவு குறைந்த நீரில் அவித்தால் மாப்பொருள் இன்னும் செறியும். பாஸ்தா வெந்த நீரில் ஒரு குவளை எடுத்துவைத்துக் குழம்பில் கலந்து, அடுப்பை அணைத்த பின்னரே சீஸையும் தேசிக்காய்ச் சாற்றையும் சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது சேர்த்தால் சீஸ் கட்டிபடும்.

வெள்ளை வைன் அருந்துவோர் புளிப்பு மிகுந்த சோவின்யோன் பிளாங்கைத் தெரிவுசெய்யலாம்; அப்புளிப்பு நாவில் படியும் கொழுப்பின் கனத்தைத் தணிக்கும். 8 முதல் 10 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்திருக்க வேண்டிய அது, கொழும்பின் சித்திரை வெயிலில் விரைவில் சூடாகிவிடுமாதலால், கிண்ணத்தில் சிறிதுசிறிதாகவே ஊற்றுவது நன்று. திருத்திய செய்முறையை அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.