பொம்மைப் படையின் காலடி மண்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த போர் மினியேச்சர் (மேசைமேல் போர் ஆட்டம் ஆடும் சிறு பொம்மை வீரர்கள்) கட்டுரை, வீரர்களுக்கு வண்ணம் பூசுவதைப் பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டு அவர்கள் நிற்கும் அடித்தட்டான பேஸை இரண்டே வரியில் முடித்துவிட்டது: ஃபெவிகால் தடவி மணல் தூவுங்கள், மேலே புல் ஒட்டுங்கள். பனிக்கு ஆப்பசோடா என்று ஒரு குறிப்பு வேறு. ஆட்டமேசையில் மூன்றடி தள்ளி நிற்பவருக்கு வீரனின் கண்ணிமை தெரியாது, மண் தெரியும். அந்த இரண்டு வரியை நம்பி வேலை செய்தால் எங்கெங்கே கெடும் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் அளவு. 28 மி.மீ. உயர வீரன் என்றால் நிஜ அளவில் ஏறத்தாழ 56-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் 1 மி.மீ. மணற்பருக்கை அவனுக்கு எலுமிச்சம்பழ அளவுக் கல். கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்டில் 4 மி.மீ. பருக்கை தாராளமாகக் கிடக்கும். அவன் கண்ணுக்கு அது மட்டை உரிக்காத தேங்காய். பேஸ் முழுக்க அதையே ஒட்டினால் படை கல்குவாரியில் அணிவகுத்தது போலிருக்கும். டீ வடிகட்டியில் சலித்து, கீழே விழுந்ததை மண்ணாக வைத்துக்கொள்ள வேண்டும். மேலே நின்றதில் பேஸுக்கு மூன்று நான்கு பருக்கை போதும், கல்லாக. 15 மி.மீ. பொம்மைக்குச் சலித்ததே பொருந்தும், 6 மி.மீ. பொம்மைக்கு அதுவும் பாறைதான், துணியில் சலித்த தூள் வேண்டும்.

கடற்கரை மணலை அப்படியே எடுக்கக் கூடாது. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும், வண்ணத்துக்கு மேல் வெள்ளையாகப் பூக்கும். நான்கைந்து முறை நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தால் சரி. காய்ந்த இலைச்சருகுக்கு டீத்தூள் போடும் வழக்கம் வெளிநாட்டுக்காரர்களிடம் உண்டு. நம் வீட்டில் தூள் பாலும் சர்க்கரையுமாகக் கொதித்தது. அதைக் காயவைத்து ஒட்டினால் முதலில் எறும்பு வரும், மழைக்காலத்தில் பூஞ்சை வரும். தண்ணீரில் மட்டும் கொதித்த தூளை எடுத்து, அலசி, வாணலியில் ஈரம் போக வறுத்துப் பயன்படுத்தலாம்.

ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை வழவழப்பான பிளாஸ்டிக்கில் பிடிக்காது. காய்ந்தபின் மணலோடு தோல் மாதிரி உரிந்து வரும். 240 எண் உப்புத்தாளால் பேஸின் மேற்பரப்பைக் கீறிவிட வேண்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் சிக்கல் வேறு: ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால் வளையும். 2 மி.மீ. பலகை என்றால் கட்டாயம் வளையும் என்றே வைத்துக்கொண்டு, இரு பக்கமும் ஒரு கை வண்ணம் பூசிவிட்டுத் தொடங்குவது நல்லது. மூன்று பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து தடவி, மணலில் முக்கி எடுத்து, ஒரு முழுநாள் விட வேண்டும். அவசரப்பட்டு வண்ணம் தொட்டால் தூரிகையின் ஈரத்தில் பசை இளகிப் பருக்கை கையோடு வரும். காய்ந்ததும் சம அளவு தண்ணீர் கலந்த பசையில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு மேலே ஊறவிட்டால் மணல் கல்லாக இறுகும். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசைநீர் மணலுக்குள் இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நிற்கும்.

உலோக வீரர்களின் காலோடு சேர்ந்து வார்த்த சிறு தட்டு ஒன்று இருக்கும். மணலை அதைச் சுற்றி மட்டும் ஒட்டினால் ஒவ்வொருவனும் ஒரு படிக்கல்லில் ஏறி நிற்பான். ஓட்டை அடைக்கும் எம்-சீல் மக்கின் இரு கட்டியையும் சம அளவில் பிசைந்து, ஈரவிரலால் தட்டின் விளிம்பிலிருந்து சரிவாக இழுத்துவிட வேண்டும்.

இனி நிலத்துக்கு வருவோம். நெப்போலியன் காலத்துப் படை சேர்ப்பவர்கள் பலர் 1815 ஜூன் மாதப் பெல்ஜியப் போர்க்களத்தைத்தான் கட்டுகிறார்கள். 16-ஆம் தேதி கத்ர்ப்ரா என்ற ஊரில் நடந்த சண்டையில் ஆளை மறைக்கும் ரை பயிர், அதாவது கோதுமை போன்ற ஒரு தானியம். 17-ஆம் தேதி பிற்பகலும் இரவும் கனமழை. 18-ஆம் தேதி வாட்டர்லூவில் மிதிபட்ட பயிரும் சேறும். மண் சற்றுக் காயட்டும் என்று நெப்போலியன் தாக்குதலை முற்பகல் கடக்கும்வரை தள்ளிப்போட்டார். அதே படை, சில கல் தொலைவு, இரண்டு நாள் இடைவெளி. ஆனால் பேஸ் இரண்டு விதம். இரண்டுக்கும் பொதுவாகப் பச்சைப்புல் ஒட்டுவதைத்தான் எங்கும் பார்க்கிறோம்.

நிற்கும் பயிருக்குத் தேங்காய் நாரை மிஞ்சியது இல்லை. இங்கிலாந்துக்காரர்களே கால்மிதியை வெட்டித்தான் வயல் வைக்கிறார்கள். நமக்கு நாருக்கா பஞ்சம்? கால்மிதியின் 15 மி.மீ. உயரம் இடுப்பளவுதான் வரும். தோளளவுப் பயிருக்கு முரட்டு நாரை 25 மி.மீ. நீளத்தில் நறுக்கி, எட்டுப் பத்து இழையாகச் சேர்த்து அடிமுனையைப் பசையில் தோய்த்துக் காயவிட வேண்டும். மேல்முனையில் துளிப் பசை தொட்டு மிக நைசான மரத்தூளில் புரட்டினால் கதிர். பேஸில் 1 மி.மீ. துளை போட்டு நட வேண்டும், வீரனின் பின்னும் பக்கவாட்டிலும். முன்னால் நட்டால் நீங்கள் வண்ணம் தீட்டியதே மறைந்துபோகும். அவன் மிதித்து வந்த பக்கத்தில் நாரை ஒரே திசையில் படுக்கவைத்து ஒட்டுங்கள். அதைப் பார்த்தாலே படை எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும்.

சேற்றுக்கு இரண்டு கரண்டிப் பசை, ஒரு கரண்டி சலித்த மணல், மஞ்சள் கலந்த பழுப்பு அக்ரிலிக் வண்ணம் வேண்டிய அளவு. இட்லி மாவுப் பதம். 3 மி.மீ.க்கு மேல் ஒரே தடவையில் அப்பினால் தண்ணீர் வற்றும்போது சுருங்கி வெடிக்கும். இரண்டு தடவையாகப் பூச வேண்டும். அரைமணி நேரத்தில் மேல் ஏடு கட்டும். அப்போது தட்டையாகச் சீவிய பல்குச்சியை நனைத்து 5 மி.மீ. நீளத்தில் அழுத்தினால் பூட்ஸ் தடம். பீரங்கி பேஸ் என்றால் அந்தப் பீரங்கியின் சக்கரத்தையே உருட்டிவிடலாம். காய்ந்தபின் பள்ளங்களில் மட்டும் நீர்த்த அடர்பழுப்பை ஓடவிட்டு, அதன்மேல் பளபளப்பு வார்னிஷை மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். மொத்தப் பேஸுக்கும் பூசினால் வெல்லப்பாகு ஊற்றியது போலாகிவிடும். தேங்கிய நீருக்கு எபாக்ஸி ரெசின் ஊற்றுவதானால் பேஸ் சமதளத்தில் இருக்க வேண்டும். கலவை விகிதத்தைக் கண்ணளவில் போட்டால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். நீருக்கு நீலம் வேண்டாம். வயல்வெளிக் குட்டை சேற்று நிறம்தான். அதே சேற்று வண்ணத்தைக் கிழித்த ஸ்பாஞ்சில் தொட்டு, வீரனின் பூட்ஸிலும் கால்சட்டை ஓரத்திலும் ஒற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் சலவைக்குப் போட்டு எடுத்த பொம்மை சேற்றில் நிற்பது போலிருக்கும்.

உலர்தூரிகை வேலையை, அதாவது காய்ந்த தூரிகையால் மண்ணின் மேடுகளில் மட்டும் வெளிர்நிறம் ஏற்றுவதை, புல் ஒட்டும் முன்பே முடித்துவிட வேண்டும். தூரிகையைக் காகிதத்தில் துடைத்துத் துடைத்து, வண்ணமே இல்லையோ என்று சந்தேகம் வரும்போதுதான் மண்ணில் தேய்க்கலாம்.

புல்லாக ஒட்டும் செயற்கை இழை நிமிர்ந்து நிற்க மின்னூட்டம் தேவை. கொசு பேட்டின் வலையைக் கழற்றி, ஒரு கம்பியை எஃகு வடிகட்டியிலும் மற்றதை ஈரப்பசையில் செருகிய ஆணியிலும் இணைத்துப் பலர் கருவி செய்கிறார்கள். வேலை செய்யும், ஆனால் அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் நிற்கும். கம்பியைத் தொடும் முன் பேட்டரியை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பிடியுள்ள திருப்புளியால் இரு முனையையும் சேர்த்துவிட வேண்டும். சிறுவர் கையில் தரவே கூடாது. உலோக வீரனின் துப்பாக்கி முனை வடிகட்டியை நெருங்கினால் பொறி தாவும் என்பதால், சிலிக்கான் பூசிய பேக்கிங் தாளில் பசைப்புள்ளி வைத்துப் புல்கொத்துகளைத் தனியாகச் செய்து, பிறகு எடுத்து ஒட்டுவதே மேல். 2 மி.மீ. புல் கணுக்காலளவு, 6 மி.மீ. முழங்காலை நெருங்கும். கல்லோரத்திலும் பள்ளத்திலும் ஒழுங்கில்லாமல் வையுங்கள். சம இடைவெளியில் வைத்தால் நாற்று நட்டது மாதிரி இருக்கும்.

முடித்த பொம்மை அருகே ஃபெவிக்விக் வேண்டாம். அதன் ஆவி வண்ணத்தின்மேல் வெள்ளைப்படலமாகப் படியும். மழை நாளில் ஸ்பிரே வார்னிஷும் அப்படித்தான் பால்போல் மங்கும்.

கடைசியாக அந்த ஆப்பசோடா. பசையோடு சேர்ந்த சோடா சில மாதங்களில் மஞ்சளிக்கும். நெப்போலியன் படை சிக்கிய 1812 ரஷ்யப் பனி பழைய சுவர்போல் ஆகிவிடும். சன்னமான வெள்ளைப் பளிங்குத் தூளைப் பசையோடும் வெள்ளை அக்ரிலிக்கோடும் குழைத்தால் நிறம் நிற்கும். அந்த ஒரு குறிப்பையாவது அடுத்த ஞாயிறு திருத்தி வெளியிடுங்கள். வாங்கியவர்கள் சோடாவை ஆப்பத்துக்கே போட்டுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோவை.