முதலில் படத்தை விசாரிக்கட்டும்

அன்புள்ள செல்வம்,

நலம். பி.எட். மாணவர்களுக்கு டிஜிட்டல் ஊடகப் பயிற்சியை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. வீடியோ எடிட்டிங்கில் தொடங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். செயலியை அவர்களே இரண்டு நாளில் பிடித்துக்கொள்வார்கள். படத்தை விசாரிக்கும் பழக்கம் தானாக வராது. நாளைக்கு வகுப்பில் ஒரு பையன் "இது நிஜமா சார்?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டுமே.

வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வெள்ளப் படத்தைக் கொடு. பாதிப் பேர் கேலரியில் விவரத்தைத் திறந்து, அதில் உள்ள தேதியைப் படம் எடுத்த தேதி என்பார்கள். அது போனில் வந்து இறங்கிய தேதி. எடுத்த நாளும் இடமும் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போதே போய்விடும். அடுத்து, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் முழுப் படத்தையும் போடாமல், கடைப் பலகையை மட்டும் வெட்டித் தேடச் சொல். டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளத்தில் 'மிகப் பழையது' என வரிசைப்படுத்தினால் முதலில் எப்போது இணையத்தில் தென்பட்டது என்று ஓரளவு பிடிபடும். வண்டி எண்ணின் முதல் இரண்டு எழுத்து மாநிலத்தைக் காட்டிக்கொடுக்கும். எதுவும் கிடைக்கவில்லை என்றால் படம் உண்மை என்று அர்த்தமில்லை. இதை அழுத்திச் சொல்.

பட்டை வரைபடத்துக்கும் ஒரு வகுப்பு ஒதுக்கு. ஒரு பள்ளியின் இரண்டு ஆண்டுத் தேர்ச்சி 92, 96 சதவீதம் என்று வைத்துக்கொள். செங்குத்து அச்சை 90-இல் தொடங்கினால் ஒரு பட்டை மற்றதைவிட மூன்று மடங்கு உயரமாக நிற்கும். பூஜ்யத்தில் தொடங்கி மறுபடி வரையட்டும்; வித்தியாசம் மிகச் சிறிதாகத்தான் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவை.

பிறகுதான் வீடியோ. கெடுவது பெரும்பாலும் ஒலிதான். மின்விசிறியை நிறுத்தி, காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்தி, பத்து நொடி பதிவுசெய்து, இயர்போனில் கேட்ட பிறகே பாடம் தொடங்கட்டும். கரும்பலகை பளபளத்தால் போனைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தினால் போதும்.

பள்ளிப் பயிற்சிக்குப் போகிறவர்கள் குழந்தைகளின் முகத்தை ஸ்டேட்டஸில் போடவே கூடாது. 2023 தனிநபர் தரவுச் சட்டத்தில் 18 வயதுக்குட்பட்ட எல்லோரும் குழந்தைகள்தான். பெற்றோர் சம்மதத்தை அது வலியுறுத்துகிறது. கையையும் நோட்டையும் எடுத்தாலே பாடம் விளங்கும்.

மாணவர்கள் எடுக்கும் முதல் படத்தை எனக்கும் அனுப்பு. வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பு, சுருங்காமல் வரும்.

அன்புடன்,
முருகேசன்