பாண்டவர் வீட்டுப் பாதைக்கு ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

செய்த தவறை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பணம் கேளுங்கள் என்றார்கள் எங்கள் குழுவின் மூத்தவர்கள். அப்படியே செய்கிறோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், கல்திட்டைகள், அதாவது பலகைக்கற்களை நிறுத்திக் கட்டிய பழங்காலக் கல்லறைகள், இருக்கும் மேட்டுக்குப் போகும் காட்டுப்பாதையைச் செப்பனிடக் கிளம்பினோம். கடைசி ஓடையைத் தாண்டியதும் ஒரு சேற்றுப் பள்ளம் உண்டு. ஐப்பசி மழையில் முழங்கால் வரை உள்வாங்கும். மேட்டோரம் சும்மா கிடந்த பலகைக்கல் ஒன்றை எட்டுப் பேர் கயிறு கட்டி இழுத்து வந்து அதன் குறுக்கே போட்டோம். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. எங்களுக்கு ஏகப் பெருமை. அடுத்த மாதம் தொல்லியல் படித்த நண்பர் ஒருவர் உடன் வந்தார். அந்தக் கல்லில் அவர் கால் வைக்கவில்லை. குனிந்து, ஓரத்தில் இருந்த அரைவட்ட வெட்டைத் தடவிப் பார்த்தார். அது இடுதுளையின், அதாவது கல்லறைச் சுவரில் வெட்டும் வட்டத் துளையின், பாதி. நாங்கள் பாலமாகப் போட்டது, சரிந்துபோன ஒரு கல்லறையின் முகப்புச் சுவர்.

மறுநாளே கல்லைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தோம். ஆனால் அது முன்பு எங்கே, எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்று கேட்டபோது எட்டுப் பேரும் எட்டு விதமாகச் சொன்னோம்.

மேட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறோம். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரத்துப் பாறை முகடுகளில் பெருங்கற்கால (இரும்புக்கால) ஈமச்சின்னங்கள் பரவிக் கிடக்கின்றன. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் வாழ்ந்த சேசு சபைப் பாதிரியார் ஆங்லேட், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து பழனிமலைக் கல்திட்டைகளைப் பற்றி எழுதியதை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அகழாய்வும் நடந்திருக்கிறது. எங்கள் மேட்டில் இருப்பவை சிறியவை. நான்கு புறமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், கிழக்குப் பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை. மண் ஆழமாக உள்ள இடத்தில் குழி தோண்டிக் கற்பதுக்கை, அதாவது மண்ணுக்குள் புதைந்த கல்லறை, அமைத்தார்கள். வெறும் பாறையில் தோண்ட வழியில்லை என்பதால் தரைக்கு மேலேயே கட்டிவிட்டார்கள். கல்லும் தொலைவிலிருந்து வரவில்லை. இந்தப் பாறை தகடு தகடாக உரியும். உரிந்ததை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். இறந்தவரின் எலும்புகளைப் பின்னர் சேகரித்து உள்ளே வைப்பதும் அக்கால வழக்கம்.

ஊரில் இதற்குப் பாண்டவர் வீடு என்று பெயர். வேறு ஊர்களில் குரங்குப் பட்டடை என்பார்கள். கேரளத்து மறையூர்ப் பக்கம் முனியறை. எங்கள் கற்களின் வயதை யாரும் கணித்ததில்லை. இரும்புக்காலத்தைப் பற்றிச் செய்தித்தாளில் படித்த ஒருவர், ‘5,000 ஆண்டுப் பழமை’ என்று பலகை எழுதி வைத்தால் நன்கொடை தானாக வரும் என்றார். வந்திருக்கலாம். எழுதவில்லை.

இனி பாதை. ஊர் எல்லையிலிருந்து மேடு வரை 4 கிலோமீட்டர். முதல் பாதி காப்பித் தோட்டத்தின் ஊடே போகிறது. கல்யாண முருங்கை நிழல், அதில் ஏறிய மிளகுக்கொடி, நடுவே மலைவாழை. தோட்டக்காரர்கள் தலைமுறையாக வழி விட்டிருக்கிறார்கள். அங்கே எங்களுக்கு வேலையில்லை. தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில்தான் சிக்கல். உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிப் பாதையை விழுங்கிவிட்டது. உள்ளே காட்டுமாடு நின்றால் பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது. அதற்கு அஞ்சி, வருகிறவர்கள் ஆளுக்கொரு குறுக்குவழி பிடித்து மேட்டின் பின்புறமாக ஏறுகிறார்கள். அப்படி ஏறினால் முதலில் காலில் படுவது கல்லறையைச் சுற்றி வட்டமாக வைத்த கல்வட்டத்தின் சிறு கற்கள். அவை கல்லறையைச் சேர்ந்தவை என்று எல்லோருக்கும் தெரியுமா என்ன? எங்களுக்கே தெரியவில்லையே. பழைய பாதையோ, இரண்டு திருப்பங்கள் சுற்றி, கற்களை எதிரே காட்டி, கிழக்குப் பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தும். மூடுகல்மேல் ஏறி நின்று படம் எடுக்கத் தோன்றாத தூரம் அது.

இன்னொரு தொல்லை தண்ணீர். செங்குத்தான இடத்தில் பாதையே வாய்க்காலாகி, மழை நீர் ஒரு கல்திட்டையின் அடிமண்ணை அரிக்கிறது. புதையல் தேடி யாரோ முன்பு தோண்டிப்போட்ட குழியும் அங்கேதான். தோண்டியவர்கள் வெளியே எறிந்துவிட்டுப் போனது அக்காலக் கருப்பு-சிவப்பு மண்பானை ஓடுகள். தங்கம் கிடைத்ததாகத் தகவல் இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பது கல்லுக்கான பணம் அல்ல, பாதைக்கான பணம். சாய்ந்த கல்லை நிமிர்த்துவது தொல்லியல் துறையின் வேலை; ஒரு முறை கை வைத்துப் பட்டது எங்களுக்குப் போதும். சிமெண்டுப் படி, இரும்புக் கைப்பிடி, நிழற்குடை எதுவும் வராது. வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு செடியும் வெட்டப்படாது.

செலவுக் கணக்கு இது. உண்ணிச்செடியை மேலாக வெட்டினால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும். தூரோடு அறுத்து, வேர் மண்ணில் படாமல் தலைகீழாகக் கவிழ்த்துப்போட வேண்டும். இதற்கு ஆறு பேர், 45 நாள், நாள் கூலி 700 ரூபாய் வீதம் 1,89,000 ரூபாய். தண்ணீரைப் பக்கவாட்டில் ஒதுக்கக் குறுக்குக்கல் பதிக்கவும், சாந்தில்லாமல் கல் அடுக்கவும் தெரிந்த கொத்தனார் இருவருக்கு 20 நாளுக்கு 48,000. இதற்கு வேண்டிய கல்லை இந்த முறை காட்டிலிருந்து எடுக்கப் போவதில்லை. கீழே விலைக்கு வாங்கி, ஜீப் வரும் இடம் வரை ஜீப்பிலும் அதற்குமேல் பொதிக்குதிரையிலும் ஏற்ற 36,000. மரத்தாலான வழிக்குறிகளுக்கு 25,000. வாரம் இரண்டு முறை பாதையை நடந்து பார்த்துவர உள்ளூர்க்காரர் ஒருவருக்கு மாதம் 6,000 வீதம் ஓராண்டுக்கு 72,000. ஆக மொத்தம் 3,70,000 ரூபாய். ஊரில் திரட்டியது 92,000. மீதி 2,78,000 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

கடைசியாகச் சொன்ன 72,000 எதற்கு என்று குழுவுக்குள்ளேயே கேள்வி எழுந்தது. மிச்சப்படுத்தலாம் என்றவர்களும் உண்டு. ஆனால் ஆள் நடக்காத பாதையை ஒரே பருவத்தில் காடு திரும்ப எடுத்துக்கொள்ளும். மற்ற செலவையெல்லாம் குறைத்தாலும் இதைக் குறைப்பதாக இல்லை.

நன்கொடையாளர் பெயரைக் கல்லில் வெட்டி மலையில் நடும் வழக்கம் எங்களிடம் கிடையாது. அங்கே படுத்திருப்பவர்களுக்கே பெயர்ப்பலகை இல்லை. ஊர் நூலகத்தில் ஒரு பேரேடு இருக்கும். 50 ரூபாய் தந்தவர் பெயரும் 50,000 தந்தவர் பெயரும் வந்த வரிசையில் அதில் இருக்கும். வரவு செலவை மாதக் கடைசியில் நூலக வாசலில் ஒட்டுவோம். வங்கிக் கணக்கில் மூவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க முடியும். இந்த வேண்டுகோளை உங்களிடம் கொண்டுவரும் குழு உறுப்பினரிடம் அச்சிட்ட ரசீதுப் புத்தகம் இருக்கும். ரசீது வாங்காமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

பணம் தர இயலாதவர்கள் ஒரு நாள் உழைப்பைத் தரலாம். தை பிறந்ததும் வேலை தொடங்கும். கோடைமழைக்கு முன் முடித்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கு நூலக வாசலில் கூடுவோம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேருக்குமேல் மேலே அழைத்துப் போக மாட்டோம் என்பதால் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள். முழுக்கைச் சட்டையும் பிடிப்பான செருப்பும் போதும். அரிவாளும் மதியச் சோறும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
நடைபாதைக் குழுவினர்,
கீழ்ப்பழனி மலை