பின்நேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்காத பிள்ளைகளுக்காக

எங்கள் குடியிருப்புக்குப் பொறுப்பான ஐயாமார், அம்மாமார் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் சனசமூக நிலையத்தில் குமர்ப்பிள்ளைகளுக்கு வலுவூட்டல் பயிற்சி வைத்தீர்கள். வந்ததற்கு நன்றி. தன்னம்பிக்கை, தலைமைத்துவம், சுயதொழில் என்று மூன்று மணித்தியாலம் பேசினீர்கள். கடைசியில் கேள்வி இருந்தால் கேட்கச் சொன்னபோது பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழும்பினாள். "மிஸ், எங்கட மலசலகூடத்துக் கதவுக்கு எப்ப கொளுக்கி போடுவீங்கள்?" சிலர் சிரித்தார்கள். "அது எங்கட பகுதி இல்லை, பிள்ளை. எழுதித் தாங்கோ" என்று பதில் வந்தது. அவள் பேசாமல் இருந்துவிட்டாள். அவளுக்காக நான் எழுதுகிறேன். இதற்கு முன் மூன்று தரம் கந்தோரில் எழுதிக் கொடுத்தும் இருக்கிறேன்.

நிலைமை உங்களுக்குத் தெரியும். 23 வீடுகள், 4 மலசலகூடங்கள், ஒழுங்கையின் கடற்கரை முனையில். இரண்டுக்குக் கதவு இல்லை, சாக்குத்தான் தொங்குகிறது. மற்ற இரண்டின் கதவும் உள்ளே பூட்டாது. அங்கே நிற்கும் மின்கம்பத்து விளக்கு போன மாரியோடு நின்றது.

அந்தப் பிள்ளை பின்நேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. தேத்தண்ணி கொடுத்தாலும் வேண்டாம் என்பாள். வயிற்றுக்கு ஏதோ சரியில்லையாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். என்னிடம் மாலையில் படிக்க வருகிற எட்டுப் பேரில் ஐந்து பேர் இப்படித்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. இருட்டில் தனியே போக முடியாது. அம்மாவை எழுப்பலாம் என்றால் அவர் விடிய நாலு மணிக்கு மீன் வாடிக்குப் போகிறவர். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனால், ஒருத்தி உள்ளே, மற்றவள் வெளியே கதவை இழுத்துப் பிடித்தபடி ரோச் லைற்றோடு நிற்க வேண்டும். ஒழுங்கையில் நிற்கிற பெடியள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளை. மாதவிடாய் நாட்களில் என்ன பாடு என்று அம்மாமாருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வைகாசியில் அவளுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சலோடு நாலு நாள் ஆசுபத்திரியில் கிடந்தாள். நிறையத் தண்ணி குடிக்க வேணும் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் குடித்தாள். மூன்றாம் நாள் பின்நேரம் திரும்பவும் போத்தலை மூடி வைத்துவிட்டாள்.

நாங்கள் கேட்பது உள்ளே பூட்டக்கூடிய கதவு, இரவு முழுக்க எரிகிற விளக்கு, குழாயில் தண்ணீர். அவ்வளவுதான்.

வீட்டோடு தனித்தனியாகக் கட்டலாம்தானே என்று உங்களில் ஒருவர் கேட்டார். காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை, அதனால் அனுமதியும் இல்லை, உதவித் திட்டத்தில் பெயரும் இல்லை. குழி வெட்டினால் நாலு அடியில் சுண்ணாம்புக்கல்லும் உப்புத்தண்ணியும். மாரி பெய்தால் குழி நிரம்பி முற்றத்துக்கு வரும். கூலி வேலைக்குப் போகிற குடும்பம் தன் கைக்காசில் செய்யக்கூடிய வேலையா இது?

2024இல் தெரிவு செய்த பாடசாலைகளின் மாணவிகளுக்கு மாதவிடாய்க்கான பாட்ஸ் வாங்க 1,200 ரூபா வவுச்சர் கொடுத்தார்கள். நல்ல காரியம், ஆனால் வாங்கியதை மாற்றுவதற்குப் பூட்டுகிற கதவும் வேண்டும். 2018 தேர்தலிலிருந்து உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அப்படிச் சபைக்குப் போன சகோதரிகளே, இந்த ஒழுங்கைக்காக நீங்களும் ஒருமுறை எழும்பிப் பேச வேண்டும். பயிற்சி என்றால் ஏன் ஒவ்வொரு முறையும் தையலும் கேக் ஐசிங்கும் மட்டும்? எங்களில் ஒரு பிள்ளை தகப்பனோடு இருந்து வள்ளத்து எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறாள். உனக்கு என்ன படிக்க விருப்பம் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். உங்கள் வேலைப்பளுவும் எங்களுக்குத் தெரியும். எது எந்தப் பகுதியின் வேலை என்பதைத் தயவுசெய்து உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கதவு, விளக்கு, தண்ணீர், இந்த மூன்றும் ஐப்பசி மழைக்கு முன் வேண்டும். கொளுக்கியையாவது இந்தக் கிழமையே போட்டுத் தாருங்கள்.

பார்க்க வருவதென்றால் காலையில் வர வேண்டாம். இரவு ஏழரைக்கு வாருங்கள். ஒழுங்கை வாசலில் நானும் பிள்ளைகளும் ரோச் லைற்றோடு நிற்போம்.

இப்படிக்கு,
பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கும் அக்கா,
23 வீடுகளின் சார்பில், யாழ்ப்பாணம்