தீர்ப்பில் எழுதாத தண்டனை

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறைக்குள் மின்விசிறி, கட்டில், தொலைபேசி என்று ஒரு செய்தி வந்துவிட்டால் போதும், "சிறை என்ன மாமியார் வீடா?" என்று நாலு பேர் எழுதிவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு முன் தீர்ப்பு நகல் ஒன்றை வாங்கிப் படித்துப் பார்க்கலாம். 'இரண்டாண்டு சிறை' என்றிருக்கும். 'இரண்டாண்டு சிரங்கு' என்றோ 'கழிப்பறை வரிசையில் நாற்பதாவது இடம்' என்றோ எந்த நீதிபதியும் எழுதுவதில்லை. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 1955இல் வகுத்து 2015இல் திருத்திய நெல்சன் மண்டேலா விதிகளில் மூன்றாவது விதி இதைத்தான் சொல்கிறது: சுதந்திரம் பறிபோவதே வேதனை, அதைச் சிறை நிர்வாகம் மேலும் கூட்டக் கூடாது.

கூட்டுகிறதா என்று பார்க்க ஓர் அளவு நாடா போதும். 12 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கூடம். 72 சதுர மீட்டர். பலர் தங்கும் அறையில் தலைக்கு 4 சதுர மீட்டர் வேண்டும் என்கிறது ஐரோப்பியச் சித்திரவதைத் தடுப்புக் குழு. கழிப்பறை இதில் சேராது. அந்தக் கணக்குக்கு 18 பேர். செஞ்சிலுவைச் சங்கத்தின் 3.4 சதுர மீட்டர் கணக்குக்கு 21 பேர். அங்கே 45 பேரை அடைத்தால் ஆளுக்கு 1.6. ஒரு பாய் 1.8 மீட்டர் நீளம், 75 செ.மீ. அகலம் என்று வையுங்கள். 45 பாய் விரித்தபின் மிஞ்சுவது 11 சதுர மீட்டர் சொச்சம். நடைவழி, தண்ணீர்த் தொட்டி, துணிமூட்டை எல்லாம் அதற்குள். நடுராத்திரி எழுந்து போகிறவன் யார் காலையாவது மிதித்துத்தான் போக வேண்டும். அடிதடி அங்கே தொடங்கும். மறுநாள் அதற்கும் சேர்த்து ஒழுங்கு நடவடிக்கை.

கழிப்பறைக் கணக்கு இன்னும் எளிது. 25 பேருக்கு ஒன்று என்பது செஞ்சிலுவைச் சங்கத்தின் அளவு. 45 பேருக்கு ஒன்றே இருந்து, ஆளுக்கு நான்கு நிமிடம் என்றால், காலை ஆறு மணிக்குத் தொடங்கும் வரிசை ஒன்பது மணிக்குத்தான் முடியும். ஏழு மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டால், எட்டு மணிக்குப் போகிறவனுக்கு என்ன கிடைக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அடைப்பு பெரும்பாலும் குழாயின் குறையால் வருவதில்லை. ஊற்றத் தண்ணீர் போதாததால் வருகிறது. குழாயை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கும் நிர்வாகம் அடுத்த மாதமும் மாற்றும்.

சிரங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை மருந்தின் குறை என்று நினைக்கிறார்கள். சொறிகிறவனை மட்டும் கூப்பிட்டுக் களிம்பு கொடுத்தால் பத்து நாளில் திரும்பி வரும். புதிதாகத் தொற்றியவனுக்கு அரிப்பு தெரியவே சில வாரங்கள் ஆகும். அதுவரை அவன் பரப்பிக்கொண்டிருப்பான். கூடத்தில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நாளில், கழுத்து முதல் பாதம் வரை பெர்மெத்ரின் களிம்பு தடவி, 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அதே நாளில் துணியும் போர்வையும் கொதிநீரில் வேக வேண்டும். வசதியில்லாவிட்டால் பையில் கட்டி மூன்று நாளுக்கு மேல் யாரும் தொடாமல் வைக்க வேண்டும். 45 பேருக்கு மாற்றுத்துணி இல்லாத இடத்தில் இது நடக்காது. காசநோயும் அப்படித்தான். மாத்திரை ஆறு மாதத்துக்கு. கைதியை நடுவில் வேறு சிறைக்கு மாற்றும்போது மருந்துச் சீட்டு கூடப் போகாவிட்டால், மருந்துக்கு மசியாத காசநோயை நாமே வளர்க்கிறோம்.

இவ்வளவும் அறிக்கையில் தெரியாது. 'கொள்ளளவில் 110 சதவீதம்' என்று ஒற்றை எண் இருக்கும். பெண்கள் பகுதியும் மருத்துவப் பகுதியும் பாதி காலியாக இருந்து, ஆண்கள் கூடம் இரண்டு மடங்கு நிரம்பியிருந்தாலும் சராசரி அப்படித்தான் வரும். அடுக்குக் கட்டில் போட்டுக் கொள்ளளவைக் கூட்டுவது இன்னொரு தந்திரம். கட்டில் கூடும், கழிப்பறையும் காற்றும் கூடாது.

ஒரே குற்றம், ஒரே இரண்டாண்டு. ஒருவன் 18 பேர் கூடத்துக்கும் மற்றவன் 45 பேர் கூடத்துக்கும் போகிறான். இருவருக்கும் கிடைத்தது ஒரே தண்டனையா? வித்தியாசத்தை முடிவு செய்தது, அன்றைக்கு எங்கே இடம் இருந்தது என்பது மட்டும். குற்றம் இன்னும் நிரூபணமே ஆகாத விசாரணைக் கைதி இரண்டாவது கூடத்தில் இருந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

'பாதிக்கப்பட்டவரின் வலி உங்களுக்குத் தெரியவில்லையா' என்பார்கள். தெரிகிறது. இரண்டாண்டு போதாதென்றால் நான்காண்டு கேட்டு நீதிமன்றத்தில் வாதாடட்டும். அது வெளிப்படையான தண்டனை; மேல்முறையீடு உண்டு. சிரங்குக்கு எதிராக எங்கே மேல்முறையீடு செய்வது? தனிமைச் சிறையும் இதே வகைதான். நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ மனித உறவு இல்லாமல் அடைப்பதே தனிமைச் சிறை என்றும், தொடர்ந்து 15 நாளைத் தாண்டக் கூடாது என்றும் மண்டேலா விதிகள் வரையறுக்கின்றன. அது தனித் தண்டனை, அதிகாரி தன் விருப்பப்படி கொடுக்கக் கூடியதல்ல என்பதை 1978இலேயே சுனில் பத்ரா என்ற கைதியின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீதிமன்றங்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கி நாளாகிறது. கலிஃபோர்னியச் சிறைகளில் ஒரு கழிப்பறையை 54 பேர் வரை பகிர்ந்ததைக் குறிப்பிட்ட அமெரிக்க உச்ச நீதிமன்றம், வடிவமைப்புக் கொள்ளளவில் (எத்தனை பேருக்கென்று கட்டப்பட்டதோ அந்த எண்ணிக்கையில்) 137.5 சதவீதத்துக்குள் கூட்டத்தைக் குறைக்கும் உத்தரவை 2011இல் உறுதி செய்தது. இத்தாலி இன்னும் நேர்மையாக நடந்துகொண்டது. 2013இல் சிறை நெரிசலுக்காக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் குட்டுப்பட்டபின், மறு ஆண்டு சட்டம் போட்டது: மனிதத்தன்மையற்ற நிலையில் கழித்த ஒவ்வொரு 10 நாளுக்கும் தண்டனையில் ஒரு நாள் கழிவு, வெளியே வந்துவிட்டவருக்கு நாளுக்கு 8 யூரோ. தொகை அற்பம் என்பது உண்மை. ஆனால் தண்டனையை அதிகமாகக் கொடுத்துவிட்டோம் என்று அரசே ஒப்புக்கொண்டு திருப்பித் தருகிறதே!

எல்லாச் சிறைகளும் இன்றே மாறிவிடும் என்ற எதிர்பார்ப்பு இல்லை. ஒவ்வொரு கூடத்தின் கதவிலும் ஒரு பலகை மாட்டட்டும். நீளம், அகலம், இன்றிரவு இருப்பவர் எண்ணிக்கை, வேலை செய்யும் கழிப்பறை எத்தனை, குழாயில் தண்ணீர் வந்த நேரம். பார்வையிட வரும் நீதிபதி அதை நாடாவால் சரிபார்த்துக் கையெழுத்திட்டு, மாதாமாதம் வெளியிடட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்