அந்த கேமுக்கு ஒரே மார்க் போட்டா எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கையடக்க கேம்கள் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். தமிழ்ல இதெல்லாம் யாரு எழுதுறா, அதுக்கே ஒரு நன்றி. ஆனா மேரியோ வெர்சஸ் டாங்கி காங் 2ங்கிற கேம் பத்தின பேச்சு வந்ததும் "முதல் பாகம் அளவுக்கு இல்ல"ன்னு ரெண்டே வரியில கதவ சாத்திட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர். அந்த கேம் சுத்தமா பிடிக்காதவங்க இருக்காங்க, அத விட்டா வேற கேமே தொடமாட்டேன்னு சொல்றவங்களும் இருக்காங்க, ரெண்டு பக்கமும் சொல்றதுல நியாயம் இருக்கு. அது என்ன நியாயம்னு சொல்லாம மார்க்க மட்டும் கொறச்சா படிக்கிறவனுக்கு என்ன தெரியும்?

1994ல நின்டெண்டோ கம்பெனியோட கேம் பாய்ங்கிற கையடக்க மெஷினுக்கு டாங்கி காங்னு ஒரு கேம் வந்துச்சு, டாங்கி காங்ங்கிறது ஒரு பெரிய குரங்கு, அதோட மோதுற ஹீரோ மேரியோ. முதல் நாலு ஸ்டேஜ் 1981ல காசு போட்டு ஆடுற ஆர்கேட் மெஷின்ல வந்த பழைய டாங்கி காங்ல இருந்தது, சரி பழசதான் திரும்ப வித்துட்டாங்கன்னு நினைக்கும்போது அதுக்கப்புறம் இன்னும் 97 ஸ்டேஜ் வரும்! சாவிய தூக்கிட்டு போய் கதவ தொறக்கணும், நடுவுல மேரியோ கையில தலைகீழா நிப்பான், பல்டி அடிப்பான். 2004ல கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த மேரியோ வெர்சஸ் டாங்கி காங் அதோட நேரடி வாரிசு. அதே சாவி, அதே பல்டி, கலர் கலரா பட்டன் இருக்கும், செவப்ப மிதிச்சா செவப்பு கட்டை வரும், நீலத்த மிதிச்சா அது போய் இது வரும், டைம் ஓடிக்கிட்டே இருக்கும். மூளையும் வேணும், கட்டைவிரலும் சொன்னபடி கேக்கணும். புதிரும் குதிக்கிறதும், இந்த ரெண்டும் சேர்ந்தாதான் பஸில் பிளாட்ஃபார்மர்.

2006ல தொடு ஸ்கிரீன் இருக்கிற நின்டெண்டோ டிஎஸ் மெஷினுக்கு ரெண்டாவது பாகம் வருது. கதைய விடுங்க, பாலின்ங்கிற பொண்ணு, டாங்கி காங் நீட்டுன பொம்மைய வாங்காம மேரியோ பொம்மைய வாங்கிக்கிறா, அதுக்கு கோவிச்சுக்கிட்டு அவளையே தூக்கிட்டு மொட்டைமாடிக்கு போயிடுறான், அவ்ளோதான். விஷயம் என்னன்னா இதுல மேரியோவ நீங்க ஓட்டவே முடியாது! சாவி குடுத்து ஓடுற குட்டி மேரியோ பொம்மைங்கள ஸ்டைலஸால, அதாவது ஸ்கிரீன தொடுற பேனாவால தட்டி, இழுத்து, நிறுத்தி, திருப்பி கதவு வரைக்கும் கொண்டுபோய் சேக்கணும். பக்கவாட்டுல இழுத்தா நடக்கும், மேல இழுத்தா குதிக்கும், தட்டுனா நிக்கும். சுருக்கமா சொன்னா ஆடு மேய்க்கிற வேலை. 1991ல கம்ப்யூட்டர்ல, தானா நடந்து போற குட்டி உருவங்கள வழிகாட்டி கரை சேக்கிற லெம்மிங்ஸ் கேம் ஆடுனவங்களுக்கு உடனே புரிஞ்சிருக்கும்.

நியாயமா பாத்தா இது வானத்துல இருந்து குதிக்கல, முதல் பாகத்துலயே ஒவ்வொரு உலகத்தோட கடைசிப் பகுதியிலயும் குட்டி மேரியோக்கள் பின்னாடியே வர, அதுங்கள எழுத்து பொறுக்க வச்சு பொம்மைப் பெட்டிக்குள்ள சேக்கிற ஒரு ஸ்டேஜ் இருக்கும். அந்த ஓரத்து ஐடியாவ எடுத்து முழு கேமா விரிச்சுட்டாங்க, நடுவுல இருந்தத தூக்கிட்டாங்க. முதல் பாகத்த அந்த பல்டிக்காகவே ஆடுனவன் கடுப்பாகாம என்ன பண்ணுவான்? பட்டன அழுத்துன நொடியில குதிக்கிற அந்த சுகம் இதுல கிடையாது, நீங்க சொல்லுவீங்க, பொம்மை கேக்கும், அவ்ளோதான். இதுல ரெண்டு மூணு பொம்மை ஒட்டி ஒட்டி நடந்துச்சுன்னா நாம ஒண்ண தொட நினைக்க இன்னொண்ணு திரும்பிடும், நம்ம கையே பாதி ஸ்கிரீன மறைச்சுக்கிட்டு நிக்கும், அந்த நேரம் பாத்து மூலையில ஒண்ணு முள்ளுல போய் விழுந்து தொலையும். பஸில் தெரிஞ்சும் தோக்குற எரிச்சல் இருக்கே, அது தனி ரகம்.

ஆனா முதல் பாகத்தையே பாக்காம இதுல நுழைஞ்சவங்கள கேளுங்க. குதிக்கத் தெரியணும்னு அவசியமில்ல, பேனா பிடிக்கத் தெரிஞ்சா போதும். கேம்னாலே எட்ட நிக்கிறவங்க கூட உக்காந்து யோசிச்சு யோசிச்சு ஒவ்வொண்ணா கொண்டு சேத்து, கடைசி பொம்மை கதவுக்குள்ள போனதும் சிரிப்பாங்க. முன்னாடி போற பொம்மைய சரியான இடத்துல நிறுத்தி வச்சு, பின்னாடி வர்றத வேற பாதையில திருப்பி, ரெண்டையும் ஒரே ஓட்டமா உள்ள அனுப்புற அந்த திட்டம் போடுற ருசி முதல் பாகத்துல இவ்ளோ கிடையாது. என்னைக் கேட்டா இது நல்ல கேம்தான், தலைப்புல அந்த 2 மட்டும் இல்லாம தனிப் பேர்ல வந்திருந்தா பாதி திட்டு விழுந்திருக்காது.

உங்க கட்டுரையில வராத இன்னொண்ணு, லெவல் எடிட்டர். நாமளே ஸ்டேஜ் கட்டி நின்டெண்டோவோட வைஃபை கனெக்ஷன் வழியா மத்தவங்களுக்கு அனுப்ப முடிஞ்சது, 2006ல கையடக்க கேம்ல இது லேசான விஷயமில்ல. பெட்டியில வந்த ஸ்டேஜ் முடிஞ்சாலும் கேம் முடியாது, அதனாலதான் பலர் அத கீழ வைக்கல. அந்த சர்வர் 2014 மே 20ல நின்னுபோச்சு. இன்னைக்கு பழைய கேசட் வாங்கி ஆடுறவனுக்கு கிடைக்கிறது அப்போ ஆடுனவனுக்கு கிடைச்ச கேம் இல்ல, அத விட சின்னது. அப்புறம் எப்படி ரெண்டு காலத்துக்கும் சேத்து ஒரே தீர்ப்பு எழுதுறது?

அதுக்கப்புறம் நடந்ததையும் பாருங்க. 2009, 2010, 2013, 2015, 2016னு வரிசையா வந்த அடுத்தடுத்த பாகம் எல்லாத்துலயும் குட்டி பொம்மைங்கதான் ஹீரோ. யாருக்குமே பிடிக்கலன்னா இத்தன தடவ பண்ணுவாங்களா? அதே சமயம் 2024 பிப்ரவரியில நின்டெண்டோவோட ஸ்விட்ச் மெஷினுக்கு புதுசா செதுக்கி எடுத்தது எத? அந்த 2004 கேம, பல்டி அடிக்கிற மேரியோவ! ரெண்டு புது உலகம் வேற சேத்து 130க்கு மேல ஸ்டேஜ். குதிக்கிற கேமுக்கு ஏங்குன கூட்டமும் அத்தன வருஷமா காத்துக்கிட்டுதான் இருந்திருக்கு.

அதனால அடுத்த தடவ இந்த மாதிரி எழுதும்போது ஸ்டார் போடுறதுக்கு முன்னாடி கேரக்டர நாமளே ஓட்டணுமா இல்ல தூர இருந்து வழிகாட்டணுமா, ஆன்லைன்ல இருந்தது இப்பவும் வேலை செய்யுதான்னு ரெண்டு வரி போட்டுடுங்க சார். இடம் பத்தலன்னா அந்த ஸ்டார் படத்த எடுத்துடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன்