ஆண்டறிக்கை: தகாசாகோ கூடத்தோடு ஓர் ஆண்டு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்த இடத்தில் சுமோ பித்துப் பிடித்து ஒன்றுசேர்ந்தவர்கள் நாம். மல்லர்கள் ஒன்றாகத் தங்கிப் பயிற்சி செய்யும் கூடங்களில் பத்தை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒன்றை ஆண்டு முழுக்கப் படிப்போம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது. தகாசாகோ கூடத்தை எடுத்துக்கொண்டோம்.

மாதக் கூட்டங்களில் பாதிக்குமேல் அதை நிறுவிய தகாசாகோ உராகோரோவைப் பற்றிய பேச்சிலேயே போனது. போகட்டும், அத்தனைக்கும் தகுந்தவர். மல்லர்களின் நிலைமையைச் சீர்திருத்தச் சொல்லிக் கேட்டதற்காக 1873இல் டோக்கியோ சுமோவிலிருந்து நீக்கப்பட்டவர். சோர்ந்துவிடாமல் தனிக் குழு நடத்தி, சமரசமாகி 1878இல் திரும்பி வந்தார். வெளியே தள்ளப்பட்டவர் கட்டிய வீடு என்பதால்தானோ என்னவோ, வெளிநாட்டில் பிறந்த ஒருவரை முதன்முதலில் சாம்பியனாக்கியதும் இந்த வீடுதான். ஹவாயிலிருந்து 1964இல் வந்து சேர்ந்த தகாமியாமா, 1972 ஜூலையில் நகோயா போட்டியை வென்றார். அப்புறம் அதே ஹவாயின் கோனிஷிகி 1987இல் ஓசெகி, அதாவது சுமோவின் இரண்டாவது உயர்ந்த நிலையில் உள்ள மல்லர், ஆனார். மங்கோலியாவின் அசாஷோர்யூ 2005இல் அந்த ஆண்டின் ஆறு பெரும் போட்டிகளையும் வென்றார்; அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. 2020 கடைசியில் கூடத்தின் பொறுப்பை ஏற்ற அசாசெகிர்யூவும் மங்கோலியாவில் பிறந்தவரே. இன்று அவர் பெயர் தகாசாகோ. கூடத்தோடு பெயரும் கைமாறுவது வழக்கம்.

இந்த ஆண்டு என் மனதில் நிற்பது டோக்கியோ ஹோன்ஜோவில் உள்ள இந்தக் கூடத்தில் நாம் பார்த்த காலைப் பயிற்சி. களத்தை நோக்கிக் கால் நீட்டக் கூடாது என்றார்கள். கோயிலில் உட்காரப் பழகிய நமக்கு அதைத் தனியாகச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. சம்பளம் வாங்கும் மேல்நிலை மல்லருக்கு வெள்ளைக் கச்சை, மற்றவருக்குக் கறுப்பு. எல்லோரும் வெறும் வயிற்றோடு இறங்குகிறார்கள். கறுப்புக் கச்சைப் பையன் ஒருவன் மூத்தவரின் மார்பில் மோதித் தள்ளி, விழுந்து, உருண்டு, முதுகெல்லாம் மண்ணோடு எழுந்து மறுபடி மோதினான். எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். முடிந்ததும் அவனே துடைப்பம் எடுத்துக் களத்தைப் பெருக்கினான். நடுவில் மண்ணைக் குவித்து வெள்ளைக் காகிதம் கோத்த குச்சியை நட்டார்கள். ‘சான்கோ’ குழம்பைச் சமைப்பதும் இளையவர்கள்தான். ஆனால் பெரியவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகே அவர்களுக்குப் பந்தி. குழம்பில் கோழி போடுவது ராசியாம்; அது இரண்டு காலில் நிற்கும். களத்தில் கை ஊன்றினால் தோல்வி அல்லவா!

வரவுசெலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ரியோகோகு அரங்கில் ஜனவரிப் போட்டிக்கு நான்கு பேர் அமரும் கட்டம் ஒன்றே கிடைத்தது. வர முடியாதவர்களிடம் செயலாளர் என்ற முறையில் வருத்தம் தெரிவிக்கிறேன். வரும் ஆண்டு முன்பதிவு தொடங்கும் நாளிலேயே முயல்வோம்.

ஜூலையில் நகோயா போக ஒரு தீர்மானம் வைக்கிறேன். போட்டிக் காலத்தில் கூடங்கள் அங்கே கோயில்களிலும் தங்கிப் பயிற்சி செய்யும். தகாமியாமா வென்ற ஊரையும் பார்த்துவிடலாம். வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கவும்.

செயலாளர்